கொடி அவரை காடாக வளர்ந்துவிட்டது, ஒரு பூகூட இல்லை

பந்தல்வாசி

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

கொடி அவரை விதைத்து ஐந்து மாதம் ஆகிறது. வளர்ச்சிக்குக் குறைச்சலே இல்லை. பந்தலுக்குக் கீழே நின்றால் வானம் தெரியாது. தினமும் காலையில் நுனி நுனியாகப் புரட்டிப் பார்க்கிறேன், ஒரு மொட்டுகூடக் கிடையாது. பக்கத்துப் பாத்தியில் தக்காளி பூக்கிறது, ஆனால் பிஞ்சு பிடிப்பதற்குள் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. கொத்தமல்லியோ நாலு இலை விட்டதும் முழங்கால் உயரத்துக்கு எழும்பிப் பூத்துவிட்டது. அவரையிடம் பூ கேட்டால் இலை தருகிறது, கொத்தமல்லியிடம் இலை கேட்டால் பூ தருகிறது.

எந்த மாதம் எதை விதைப்பது என்று யாரிடமாவது பட்டியல் இருந்தால் போடுங்கள். அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். பந்தலின் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.

மண்புழு

படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தழைச்சத்து அதிகம். சும்மா சும்மா உரம் போட்டால் செடி சோம்பேறியாகிவிடும். எவ்வளவு போட்டீர்கள்?

பந்தல்வாசி

அடியுரமாக மட்கிய தொழுவுரம் ஒரு கூடை. அப்புறம் ஒரே ஒருமுறை மண்புழு உரம் இரண்டு கை. அவ்வளவுதான் அண்ணா.

மண்புழு

அவரைக்கு அதுவே ஜாஸ்தி. வேர் முடிச்சில் இருக்கிற ரைசோபியம் என்ற நுண்ணுயிரி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைக் குறைத்துக் கொஞ்சம் வாடவிடுங்கள். பயந்துபோய்ப் பூக்கும்.

இராப்பூ

மண்புழு அண்ணா, ஒரு நிமிடம். உரம் ஏறினால் பூ தள்ளிப்போகும் என்பது சரிதான். ஆனால் இங்கே விஷயம் வேறு என்று நினைக்கிறேன்.

பந்தல்வாசி, நீங்கள் விதைத்தது பகல் நீண்டுகொண்டே போகும் பருவத்தில், இல்லையா? பழைய கொடி அவரை ரகங்களில் பல, பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். சிறகவரையும் இதே குணம்தான். அதுவரை நீங்கள் உரம் போட்டாலும் இலைதான், பட்டினி போட்டாலும் இலைதான். 1920இல் அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் இதைச் சோயாவிலும் புகையிலையிலும் சோதித்து எழுதினார்கள். பிலாக்ஸி என்ற சோயா ரகத்தைச் சில நாள் இடைவெளிவிட்டு மாறி மாறி விதைத்தார்கள். முன்னால் விதைத்தது, பின்னால் விதைத்தது எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. செடி தன் வயதைப் பார்க்கவில்லை, பகல் அளவைப் பார்த்தது. உண்மையில் செடி கணக்கெடுப்பது பகலையும் அல்ல, இடைவிடாத இருட்டு எத்தனை மணி நேரம் என்பதைத்தான்.

அதனால்தான் மாதப் பட்டியல் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும் (உங்கள் மேல் இல்லை). இந்தக் குழுவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களும் உண்டு, தெற்கே இருப்பவர்களும் உண்டு. ஒருவருக்கு ஜூன் 21 மிக நீண்ட பகல், இன்னொருவருக்கு அதுவே மிகக் குறுகிய பகல். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான். ஒரே பட்டியலை எல்லோரும் சுவரில் ஒட்டினால் பாதிப் பேருக்குக் காடு வளரும்.

வெங்காயத்திலும் இதே வம்பு உண்டு, தலைகீழாக. அது பகல் நீண்டால்தான் கிழங்கு கட்டும். சில ரகங்களுக்கு 11, 12 மணி நேரப் பகல் போதும். சிலவற்றுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அந்த இரண்டாவது வகை விதையை நிலநடுக்கோட்டுக்கு அருகில் போட்டால் தாள் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது.

மண்புழு

கார்னர் சொன்னது இருக்கட்டும் தம்பி. நான் பத்து வருடமாக அவரை போடுகிறேன். எப்போது போட்டாலும் 60, 70 நாளில் காய் பறிக்கிறேன். என் செடிக்கு மட்டும் கடிகாரம் இல்லையா?

இராப்பூ

உங்கள் செடி எவ்வளவு உயரம் வரும் அண்ணா?

மண்புழு

இடுப்பு உயரம். பந்தல் போடுவதில்லை.

…சரி. அது குத்து அவரை. புரிந்துவிட்டது.

இராப்பூ

:-) குத்து ரகங்களில் பெரும்பாலானவை பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாதபடி தேர்ந்தெடுத்தவை. கொடி வேறு.

மண்புழு

அவரையை விட்டுக்கொடுக்கிறேன். தக்காளிப் பூ உதிர்வது பகல் நீளத்தால் அல்ல, அதையும் சொல்லிவிடுங்கள்.

தக்காளிக்கிறுக்கு

அதை நான் சொல்கிறேன், என் பெயருக்கு மரியாதை வேண்டாமா.

தக்காளிக்குப் பகல் நீளம் பொருட்டே இல்லை. இரவு வெப்பம்தான் எல்லாம். இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல், பகலில் 33, 35ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் வீணாகிவிடும். உதிர்ந்த பூவை எடுத்துக் காம்பைப் பாருங்கள். நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அந்த இடம் மஞ்சளாகி, அங்கேயே ஒடிந்திருக்கும். பூச்சி கடித்தது இல்லை, நோய் இல்லை, செடியே கழற்றிவிட்டது. அதிகக் குளிரிலும் இதுதான் நடக்கும். இரவு 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் பூ நிற்காது.

நான் செய்வது இது: இரவு இதமாகும் வாரம் எது என்று முதலில் குறித்துக்கொள்வேன். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவேன். நாற்றங்காலில் ஐந்தாறு வாரம், நட்ட பிறகு பூக்க மூன்று நான்கு வாரம், ஆகப் பத்து வாரம் முன்னால் விதை. விதைக்கிற அன்று வெயில் கொளுத்தினாலும் எனக்குக் கவலையில்லை, நாற்றை நிழலில் வைத்துக்கொள்வேன். பூக்கிற அன்று எப்படி இருக்கும் என்பதுதான் கணக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்று இதமாக இருக்கிறதே என்று இன்று விதைக்கிறார்கள். பூ வரும்போது வெயில் வந்து நிற்கும்.

நட்டாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்றால்: செடியைப் பிடுங்காதீர்கள். மேற்கு வெயிலுக்கு நிழல்வலை, அடியில் நாலு விரல்கடை உயரத்துக்கு மூடாக்கு (காய்ந்த இலை, வைக்கோல் மாதிரி எதையாவது மண்மேல் பரப்புவது). குட்டித் தக்காளி ரகங்கள் வெயிலைக் கொஞ்சம் அதிகம் தாங்கும். காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து அதே பூவில் விழும்.

இன்னொன்று. 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி சரியாக உண்டாகாது. செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நிற்கும். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், அழகாகப் பழுக்கும். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

ஒற்றைத்தொட்டி

நான் மாடியில் மூன்று தொட்டி மட்டும் வைத்திருக்கிறேன், இங்கே கேட்கலாமா? பூசணிக்கொடியில் பூ நிறைய. குட்டிப் பிஞ்சு கோலிக்குண்டு அளவு வரும், மூன்றாம் நாள் மஞ்சளாகி விழுந்துவிடும். சுரையிலும் இதேதான். காலையில் தூரிகையால் தடவியும் பார்த்தேன்.

இராப்பூ

தாராளமாகக் கேளுங்கள். பூசணிக்குக் காலை சரி. சுரைக்குக் காலை போனால் கடை மூடிவிட்டது என்று அர்த்தம்.

சுரை வெள்ளைப் பூ, சாயங்காலம் விரியும், இருட்டில் அந்துப்பூச்சிகள் வரும். பீர்க்கும் சாயங்காலப் பூதான். புடலை இரவில் விரியும். பூசணி, பாகல், வெள்ளரி எல்லாம் காலைப் பூ. என் பெயர் எப்படி வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். ஒரு வருடம் முழுக்க நானும் சுரைக்குக் காலையில்தான் தூரிகை பிடித்தேன்.

முதலில் ஆண் பூ, பெண் பூ அடையாளம். பெண் பூவின் அடியிலேயே குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூ நீளக் காம்பில் தனியாக நிற்கும். ஆரம்பத்தில் சில நாளைக்கு ஆண் பூ மட்டுமே வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பூசணிக்கு விடிந்ததும் போங்கள், எட்டு மணிக்குள் வேலை முடிய வேண்டும். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைப் பின்னால் மடித்துக் கிழித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு நிற்கும். விரலில் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூ எடுங்கள். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கிற மடிப்புகள் எல்லாவற்றிலும் படும்படி மெதுவாக உருட்டித் தேயுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும். தூரிகையைவிடப் பூவால் பூவைத் தேய்ப்பது நல்லது.

நாலைந்து நாளில் பிஞ்சின் காம்பு தடித்து, காய் கீழே தொங்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது. ஆனால் தொட்டி சின்னது என்றால் ஒரு கொடிக்கு ஒரு காய், மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றதைக் கொடியே உதிர்த்துவிடும், அதற்கு மருந்து கிடையாது.

காம்புக்கத்தி

விதைப்பதைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். பறிப்பதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? எனக்குத் தெரிந்து வீட்டுத் தோட்டத்தில் பாதி விளைச்சல் பறிக்காமல் கெடுகிறது. "இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்" என்று விட்டுவிடுவது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

வெண்டை பூ விரிந்த ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டும். நுனியைக் கட்டைவிரலால் வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் நார் ஏறிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்துக்குப் போகாவிட்டால் இலைக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டு முற்றியிருக்கும். அந்த ஒன்று போதும். செடி தன் வேலை முடிந்தது என்று நினைத்து, புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். முற்றியதை உள்ளே கொண்டுபோகாவிட்டாலும் வெட்டி எறிந்துவிடுங்கள். வெள்ளரியும் அப்படித்தான், ஒரு காய் பழுத்து மஞ்சளானால் கொடி முழுக்க மந்தமாகிவிடும்.

கத்தரி பளபளப்பாக இருக்கும்போதே பறியுங்கள். மினுக்கம் போனால் உள்ளே விதை பழுப்பாகிக் கசக்கும். கையால் இழுத்துப் பிய்க்காதீர்கள், கிளையோடு வரும். என் பெயரில் இருப்பது எதற்கு?

முள்ளங்கி குட்டை ரகம் 25, 30 நாள்தான். "இன்னும் ஒரு வாரம்" என்றால் உள்ளே பஞ்சு. தண்டுக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு நறுக்கினால் மறுபடி தழையும்.

பொறுமை வேண்டியவையும் உண்டு. பூசணியைக் காம்பு காய்ந்து தக்கை மாதிரி ஆனபின், தோலில் நகம் இறங்காதபோது, நாலு விரல்கடை காம்போடு வெட்டுங்கள். காம்பு உடைந்த காய் அந்த இடத்திலிருந்தே அழுகும். வெங்காயத்தில் பாதிக்கு மேல் தாள் தானாகச் சாய்ந்தால் பிடுங்கலாம். நாமே மிதித்துச் சாய்ப்பது ஒரு கெட்ட பழக்கம். பிடுங்கியதும் காற்றோட்டமான நிழலில் பத்துப் பதினைந்து நாள் உலரவிட்டு அப்புறம் சேமியுங்கள்.

மண்புழு

அக்கா கோபமாக இருக்கிறார், ஆனால் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

பனிவயல்

குளிர் தேசத்தில் தோட்டம் போடுகிறவள் நான், என் பங்குக்கு.

எங்களுக்குக் கணக்கே வேறு. கடைசி உறைபனி எப்போது, முதல் உறைபனி எப்போது, நடுவில் எத்தனை நாள். அந்தச் சன்னலுக்குள் தக்காளி, மிளகாய், கத்தரியை நுழைக்க வேண்டும் என்றால் நாற்றை வீட்டுக்குள் வளர்த்தே ஆக வேண்டும். மிளகாய் விதைக்கு மண் 25, 30 டிகிரி சூட்டில் இருந்தால்தான் சீக்கிரம் முளைக்கும், குளிர்ந்த மண்ணில் மூன்று வாரம் தூங்கும். வீட்டுக்குள் வளர்த்த நாற்றை அப்படியே வெயிலில் நட்டால் வெளுத்துவிடும். முதல்நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்க வேண்டும்.

ஆனால் குளிருக்கென்று ஒரு கொடுப்பினை உண்டு. கேரட்டை உறைபனி பட்ட பிறகு பிடுங்கினால் இனிப்பு கூடும். குளிரைத் தாங்க அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. கேல் கீரையும் அப்படியே. கேரட் விதை முளைக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும், அதுவரை மேல்மண் காயவே கூடாது. நான் விதைத்த வரிசை மேல் ஒரு பலகையை மூடிவைத்து, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்ப்பேன். வெள்ளை முளை தெரிந்ததும் பலகையை எடுத்துவிடுவேன். மட்காத சாணமும் கல்லும் இருந்தால் கேரட் கால் முளைத்த மாதிரி இரண்டு மூன்றாகப் பிரியும்.

பந்தல்வாசி, உங்கள் கொத்தமல்லி எழும்பியதற்கு வெயிலும் நீண்ட பகலும் இரண்டுமே காரணம். குளிர்ச்சியான பருவத்தில், ஒரே நாளில் எல்லா விதையையும் கொட்டாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பிடி விதையுங்கள். விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் இரண்டும் முளைக்கும். லெட்டூஸ் 30 டிகிரிக்கு மேல் முளைக்காமலே தூங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விதை கெட்டுவிட்டது என்று வீணாகத் தூக்கிப் போட வேண்டாம்.

நிழல்வலை

கொளுத்தும் வெயிலில் என்னென்ன போடலாம் என்று யாரும் சொல்லவில்லையே. வெண்டை, காராமணி, தண்டுக்கீரை. மூன்றும் வெயிலைத் தின்று வளரும். மற்ற பாத்திகளை நான் மூடாக்கு போட்டு ஓய்வில் விட்டுவிடுகிறேன். எல்லாப் பருவத்திலும் எல்லாப் பாத்தியும் பச்சையாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஒரு சந்தேகம். பந்தல்வாசி, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தலின் இடது ஓரத்தில் சுவரில் தெரிவது விளக்கா? இரவில் எரியுமா?

பந்தல்வாசி

ஆமாம், வாசல் விளக்கு. பொழுது சாய்ந்ததும் தானாக எரியும், விடிந்ததும் அணையும். ஏன்?

இராப்பூ

ஐயோ. நான் பகல் நீளம் என்று மூச்சுவிடாமல் எழுதிவிட்டுப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அவரை எண்ணுவது இருட்டை. நடுவில் வெளிச்சம் விழுந்தால் இருட்டு இன்னும் நீளவில்லை என்று நினைத்துக்கொள்ளும். தெருவிளக்கின் கீழே இருக்கிற சோயாச் செடிகள் மட்டும் மற்றவை காய்ந்த பிறகும் பச்சையாக நிற்பதை வயல்களில் பார்க்கலாம். விளக்கை அணைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பந்தல் பக்கம் வெளிச்சம் விழாதபடி தகடு வைத்து மறையுங்கள். இப்போது உங்களுக்குப் பகல் குறைய ஆரம்பித்திருக்கிறதா?

பந்தல்வாசி

ஆரம்பித்து மூன்று வாரம் இருக்கும். இன்று இரவே அணைத்துவிடுகிறேன். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

மண்புழு

அதற்கிடையில் மழை வரும், அதைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், மண் என் துறை.

மழைக்காலத்தில் செடி சாவது பெரும்பாலும் நீரால் அல்ல, மூச்சுமுட்டலால். வேருக்குக் காற்று வேண்டும். பாத்தியை ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள், தொட்டி என்றால் அடித்துளையில் விரல் விட்டுப் பாருங்கள், மண் அடைத்திருக்கும். தக்காளியின் அடி இலைகளை ஒரு முழம் உயரம்வரை கிள்ளிவிடுங்கள், மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிப்பதோடு பூஞ்சை விதைத்துகள்களும் மேலே ஏறும். பெருமழையில் பூவின் மகரந்தம் கரைந்துபோகும், அந்த வாரம் பிஞ்சு இல்லையே என்று உரத்தைக் கொட்டாதீர்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் பலர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள். அது கரைய மாதக்கணக்காகும். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்பதுதான் நோய், மண்ணில் இல்லை என்பதல்ல. ஒருநாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று விட்டால் அது காய்வரை ஏறாது. தண்ணீரை ஒரே சீராக விடுங்கள், அடுத்த கொத்து சுத்தமாக வரும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், உருளையும் சேர்த்தால் நான்கு. இவற்றையே திரும்பத் திரும்ப ஒரே பாத்தியில் வைக்காதீர்கள். செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். மணி கோத்த மாதிரி வீங்கியிருந்தால் நூற்புழு. அவரை வேரிலும் முடிச்சு இருக்கும், குழம்ப வேண்டாம்: அவரையின் முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது.

ஒற்றைத்தொட்டி

சுரைக்குச் சாயங்காலம் ஆறரைக்குப் போய்ப் பூவால் பூவைத் தேய்த்தேன். இன்று ஆறாம் நாள். காய் ஒரு சாண் நீளம். நம்ப முடியவில்லை.

காம்புக்கத்தி

நகம் இறங்குகிறபோதே பறித்துவிடு. பார்த்துப் பார்த்து ரசிக்காதே.

பந்தல்வாசி

விளக்கை அணைத்து ஏழு வாரம். சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று வந்தேன்.

நாலாவது வாரம் பந்தலின் வலது கோடியில், விளக்கு வெளிச்சம் எட்டாத பக்கம், இலைக்கு மேலே ஊதாவாக ஒரு கொத்து நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டே நாளில் அந்தப் பக்கம் முழுக்கக் கொத்து. விளக்கை ஒட்டிய இடது பக்கம் அப்போதும் வெறும் பச்சைதான். நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன், விளக்குக்காகத் திட்டியவர்களுக்குத்தான் முதலில். இடது பக்கம் போன வாரம்தான் மொட்டுவிட்டது. வலது கோடியில் இப்போது காய் விரல் நீளம், உள்ளே விதை லேசாகப் புடைத்துத் தெரிகிறது.

தக்காளியிலும் இரவு இதமானதிலிருந்து பிஞ்சு நிற்கிறது. மண்புழு அண்ணா, பிடுங்கிய செடியின் வேரையும் பார்த்தேன், முடிச்சு இல்லை.

அக்கா, அவரையைக் கொத்தோடு நறுக்குவதா, தனித்தனியாகவா?

காம்புக்கத்தி

தனித்தனியாக. கொத்தில் அடியில்தான் முதலில் காய் வரும், மேலே நுனியில் இன்னும் மொட்டு இருக்கும் பார். ஒரு கையால் கொத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்காயை மட்டும் கிள்ளு. விதை புடைத்துவிட்டது என்றால் இன்றைக்கே பறி. நாலைந்து காயை மட்டும் கொடியிலேயே காயவிடு, அடுத்த பருவத்துக்கு விதை வேண்டுமே. வலது பக்கத்துக் கொடியில் எடு, முதலில் பூத்தது அதுதான்.

இராப்பூ

அக்கா, அது கொடியின் குணம் இல்லை, விளக்கின் குணம். எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒரே விதைதான்.

காம்புக்கத்தி

தெரியும்டா. இருந்தாலும் வலது பக்கமே எடுக்கட்டும்.